மூன்றாம் காம்பராவுக்கு வர்ணம்

1

"வீட்டை விற்கப்போகிறீர்களா?"

வர்ணம் பூச விலை சொல்ல வந்த ஒப்பந்தக்காரர் வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்ட முதல் கேள்வி இது. இல்லை என்றேன். "அப்படியானால் கல்யாணமா?" அதுவும் இல்லை. சுவர் மங்கிவிட்டது, சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"சும்மா யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. வெளியாள் யாரோ பார்க்க வருகிறார்கள் என்றால்தான் கூப்பிடுவார்கள்," என்றார்.

அவர் பெயர் மனுவேல். சிறு வயதில் போர்த்துக்கலில் இருந்து கனடாவுக்கு வந்தவர். ஸ்காபரோவில் எங்கள் தெருவிலுள்ள வீடுகளில் பாதிக்கு அவருடைய ஆட்கள்தான் வர்ணம் பூசியிருக்கிறார்கள். உள்ளே வந்ததும் கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நகர்த்திக்கொண்டே போனார். நேராகப் பார்த்தால் தெரியாத மேடுபள்ளமெல்லாம் நிழல் கட்டி எழுந்தன. நான் வேலை செய்வது இயந்திர உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில். அளவு சரிபார்ப்பது என் பொறுப்பு. மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். என் வீட்டுச் சுவர் இப்படிக் கிடப்பதை நான் கவனிக்காதிருந்தது எனக்கே வெட்கமாக இருந்தது.

அவர் அறை அறையாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தார். பேச்சுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, இலங்கையில் எங்கள் ஊரில் அறையைக் காம்பரா என்போம் என்றேன். மனுவேல் நிமிர்ந்தார்.

"அது எங்கள் சொல் ஆயிற்றே! உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?"

"நீங்கள் அங்கே மறந்துவிட்டுப் போனதுதான்."

வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு தந்த உற்சாகத்தில், ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக எட்டுக் காம்பராக்கள் இருக்கும், ஒன்றில் ஒரு குடும்பம், மொத்தத்துக்கும் லயம் என்று பெயர், அப்படி ஒன்றில்தான் நான் பிறந்து வளர்ந்தேன், என் அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள் என்றெல்லாம் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான், இதை இந்த ஊரில் இதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

மனுவேல் தொழில்காரர். அவருக்கு வேறு சந்தேகம். "எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே முன்சுவர் என்றால், அதற்கு யார் பெயின்ட் அடிப்பது?" என்று கேட்டார்.

நான் அடுத்த அறையின் விளக்கைப் போட்டுக் காட்டினேன்.

2

மறுநாள் காலை மகளிடம், "வீடு அடிக்க ஆட்கள் வருகிறார்கள், உன் அறையை ஒதுக்கி வை," என்றேன்.

தாரணி காதிலிருந்த இயர்போனைக் கழற்றினாள். "ஏன் அப்பா வீட்டுக்கு அடிக்கோணும்? அது என்ன பிழை விட்டது?"

என் மனைவி விமலா அடுப்படியில் சிரித்தாள். நான் விளக்கம் சொன்னேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, மேளம் அடிப்பது, வெயில் அடிப்பது, காற்று அடிப்பது.

"தமிழ் ஆக்களுக்கு எல்லாமே அடிதானோ?" என்று கேட்டுவிட்டு மறுபடி காதை அடைத்துக்கொண்டாள்.

தாரணிக்குப் பத்தொன்பது வயது. அவள் தமிழ் படித்தது சனிக்கிழமைப் பள்ளியில். அங்கே ஆசிரியர்களும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தவர்கள். ஆகவே என் மகள் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறாள். என் தங்கைமுறைப் பெண்களும் அக்காவும் அவளுக்கு 'மாமி'தான். எங்கள் பேச்சில் அத்தை என்று சொல்ல வேண்டும் என்று ஒருமுறை திருத்தினேன். "அது இந்தியத் தமிழ் எல்லோ அப்பா," என்றாள். இதில் அவளைக் குறை சொல்ல முடியாது. இங்கே கடைகளில் நான் வாயைத் திறந்ததும், "நீங்க இந்தியாவோ?" என்றுதான் கேட்கிறார்கள். இலங்கை என்பேன். "இலங்கையில எவடம்?" ஹட்டன் பக்கம் என்பேன். "ஓ" என்பார்கள். அந்த ஓவுக்குப் பிறகு பேச்சு கறிவேப்பிலை விலைக்குத் திரும்பிவிடும்.

மாசி மாதத்தில் தாரணியை முதல் தடவையாக, நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவதாக முடிவு செய்திருந்தோம். விமலாவுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. நானும் மகளும் மட்டும் போகிறோம், பாக்கியம் அக்காவின் வீட்டில் பத்து நாள் தங்குகிறோம்.

மனுவேலின் ஆட்கள் தரையில் துணி விரித்து, சன்னல் ஓரங்களுக்கு ஒட்டுநாடா போட்டு, சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்ததை நின்று பார்த்தபோது எனக்கு அக்கா வீட்டுச் சுவர் கண்ணில் வந்து நின்றது. அடுப்புப் பக்கச் சுவர் முழுவதும் புகை. கீழே முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, பூச்சு பொருக்குத் தட்டியிருக்கும். முன்பு எப்போதோ அடித்த பச்சை, கையால் தொட்டால் கையோடு வரும். அப்பா இறந்தபோது போனேன். அப்போதும் அது அப்படித்தான் இருந்தது. அந்தச் சுவரோரம் பாய் விரித்துத்தான் தாரணி படுக்க வேண்டும்.

அதை அவள் எப்படிப் பார்ப்பாள் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தது. அதன்பிறகு என்னை விடவில்லை.

3

ஹட்டனில் சொந்தமாக நிறுவனம் வைத்து வர்ணம் பூசும் ஒப்பந்தக்காரர் ஒருவரை முகநூலில் கண்டுபிடித்தேன். சேவியர் அன் சன்ஸ். குரல் பதிவு அனுப்பியிருந்தார்.

"சார், சேவியர் பேசுறேங்க. வீடு, கடை, சர்ச், கோயில் எல்லாம் அடிக்கிறோம். நம்மகிட்ட பாஸ்மார் அம்புட்டுப் பேரும் டிரெய்ன் பண்ணுன ஆளுங்க."

பாஸ் என்றால் எங்கள் பக்கத்தில் தொழில் தெரிந்த ஆள். மேசன் பாஸ், பெயின்ட் பாஸ். கனடாவில் பாஸ் என்றால் எனக்கு மேலே இருப்பவர். ஒரு கணம் தடுமாறி, பிறகு அந்தச் சொல்லை அனுபவித்தேன்.

"சன்ஸ் எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரு சார். மூத்தவரு இப்ப கிரேட் டூ."

அவர் தொழிலில் விளையாட்டுக் கிடையாது. சுவர் கல்லா செங்கல்லா, கடைசியாக எப்போது அடித்தது, உள்ளே விறகடுப்பா கேஸா என்று வரிசையாகக் கேட்டார். விறகடுப்பு என்றதும், "அப்ப நேரா பெயின்ட் அடிக்க ஏலாது சார். சோப்புத் தண்ணி போட்டுக் கழுவணும். பொறகு பொகைய அடைக்கிற பூச்சு ஒண்ணு இருக்கு, அது போடணும். இல்லாட்டி நீங்க என்னா கலர் அடிச்சாலும் கறுப்பு மேல வந்துரும்," என்றார். பொங்கல் கழிந்த கையோடு அடித்துவிட வேண்டும், பனி விட்டு வெயில் காய்கிற நாட்கள் அவைதான், பிறகு மழை வந்தால் தோட்டத்துச் சுவர் காயாது என்றும் சொன்னார். எல்லாம் சரியாகப் பட்டது.

நிறத்துக்கு, எங்கள் கூடத்துக்கு மனுவேல் பூசிய அதே வெளிர் நீலத்தின் எண்ணை அனுப்பினேன். இங்கே பழகிய நிறத்தை அங்கேயும் கண்டால் தாரணிக்கு ஒட்டுதலாக இருக்கும் என்பது என் கணக்கு. "உங்க நம்பர் இங்க இல்ல சார், போட்டோ அனுப்புங்க," என்று பதில் வந்தது. அனுப்பினேன்.

அடுத்து விலாசம். இதில்தான் நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

எங்களுக்கு விலாசம் என்று ஒன்று கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து தருவார்கள். ஆனால் ஆபீஸ் கணக்கில் ஒவ்வொரு காம்பராவுக்கும் எண் உண்டு. என் பிறப்புச் சான்றில் இருப்பது அந்த எண்தான். அடையாள அட்டை, கடவுச்சீட்டு, கனடாவுக்கு விண்ணப்பித்த படிவங்கள் எல்லாவற்றிலும் அதையே எழுதியிருக்கிறேன். ஏழாம் லயம், மூன்றாம் காம்பரா, மேல் டிவிசன். இங்கே குடிவரவு அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி, "லயம் என்பது வீதியா?" என்று கேட்டார். ஆம் என்றேன். விளக்கப் போனால் வரிசை நீளும். இன்னொரு அலுவலகத்தில் அதைக் குடும்பப் பெயர் என்று பதிந்து, திருத்துவதற்கு நான் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டியிருந்தது. இத்தனை தடவை எழுதிய விலாசம் பிழையாக இருக்க முடியுமா? அதையே அக்காவின் பெயரோடும் தொலைபேசி எண்ணோடும் சேவியருக்கு அனுப்பினேன்.

அக்காவுக்கும் போன் போட்டுச் சொன்னேன்.

"எதுக்கு தம்பி?"

"சும்மாதான். நாங்க வர்றோம்ல."

"ம். சரி," என்றாள்.

4

வேலை முடிந்தது என்று சேவியர் அனுப்பிய படங்கள் காலை இடைவேளையில் வந்தன. தொழிற்சாலை உணவறையில் உட்கார்ந்து பார்த்தேன். நீலம் என் கூடத்து நீலத்தைவிடப் பளிச்சென்று, மத்தியான வானம்போல இருந்தது. அது பரவாயில்லை. ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல நேராக இருந்தன. படத்தைப் பெரிதாக்கினேன். வாசல் படியின் இடது மூலை உடைந்திருந்தது. நிலையில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்கியது. சன்னல் கம்பி குறுக்கே ஓடியது.

எங்கள் வீட்டுச் சன்னல் கம்பி நெடுக்காக இருக்கும். அப்பா வைத்தது.

உடனே சேவியரைக் கூப்பிட்டேன்.

"சேவியர், இது எங்க வீடு இல்ல."

"என்னா சார் சொல்றீங்க? ஏழாம் லயம் போனாங்க, மூணாம் காம்பரா எதுன்னு கேட்டாங்க, காட்டுனாங்க, அடிச்சாங்க. உள்ளுக்கும் அடிச்சிருக்கு, முன்னுக்கும் அடிச்சிருக்கு."

"காட்டினது யாரு?"

"முதல்ல சின்னப் புள்ளைங்க காட்டிச்சு. பொறகு ஒரு அம்மாவும் வந்து ஆமா இதுதான்னு சொன்னாங்களாம். ரெண்டு நேரமும் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாங்கன்னு பாஸ்மார் சொன்னாங்க. பேரு... இருங்க சார் கேட்டுச் சொல்றேன்."

அந்தப் பக்கம் யாரிடமோ கேட்கும் சத்தம். பிறகு, "பாக்கியம்," என்றார்.

கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்த சக ஊழியர் இந்த நாற்காலி காலியா என்று கேட்டதற்கு நான் தமிழில் பதில் சொன்னேன்.

சேவியரின் ஆட்கள் செய்ததில் பிழை இல்லை என்பது, பிற்பகல் முழுவதும் ஒரு பற்சக்கரத்தின் அளவை மறுபடி மறுபடி எடுத்துக்கொண்டிருந்தபோது விளங்கியது. ஆபீஸ், காம்பராக்களைப் பாதைப் பக்கமிருந்து எண்ணுகிறது. லயத்து ஆட்கள் கோயில் பக்கமிருந்து எண்ணுகிறார்கள். மாரியம்மன் திருவிழாவில் கரகம் கோயிலிலிருந்து புறப்பட்டு முதலில் எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ அதுதான் ஒன்றாம் காம்பரா. அந்த வரிசைப்படி தட்டோடு தயாராக நின்றவன் நான். எங்கள் வீடு ஆறாவது. "ஆறாவதுக்கு வந்தாச்சு, கற்பூரத்தப் பத்தவை" என்று அம்மா கத்துவாள். எத்தனையோ படிவங்களில் மூன்று என்று எழுதி எழுதி, அந்த ஆறு என் தலையிலிருந்து போயிருக்கிறது.

கோயில் கணக்கில் மூன்றாம் காம்பரா செல்வராணியுடையது. எங்களுக்கும் அவளுக்கும் நடுவே இரண்டு வீடு. அக்காவோடு கொழுந்து எடுத்தவள், கணவன் இல்லை, ஒரே மகள்.

ஆட்களும் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் போனது சரி. அக்கா எப்படிப் பிழைவிடுவாள்?

5

"ஆமா, நாந்தான் காட்டுனேன்," என்றாள் அக்கா.

"தெரிஞ்சேவா?"

"தெரியாம என்னா? என் வீடு எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அக்கா, நான் உனக்குத்தான்..."

"இரு, கேளு. செல்வராணி மகள இந்த ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாறாங்க. கண்டியில இருந்து. மாப்புள பேங்க்ல வேல. அவ அந்தச் சுவத்தப் பாத்துப் பாத்து அழுதுக்கிட்டு இருந்தா. இந்தா, பாஸ்மார் வாளியத் தூக்கிக்கிட்டு மூணாம் காம்பரா மூணாம் காம்பரான்னு அவ வாசல்ல போயி நிக்கிறாங்க. ஆத்தாளே அனுப்பி வச்ச மாதிரி இருந்திச்சு. நான் என்னா, இல்லைன்னு சொல்லவா?"

"ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருந்தா ரெண்டு வீட்டுக்கும் அடிக்கச் சொல்லியிருப்பேனே."

"நம்ம வீட்டுக்கு எதுக்கு? நம்ம வீட்டுக்கு யாரு வாறா?"

"நாங்க வர்றோம்ல."

"நீங்க யாரு?"

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"சொல்லுடா. பொண்ணு பாக்க வாறவங்களுக்கு அடிப்பாங்க. துரை வாறாருன்னா அடிப்பாங்க. நீ இதுல யாரு? துரையா?" என்று சிரித்தாள். கேலியாகத்தான் தொடங்கினாள்.

தோட்டத்தை நடத்தும் பெரிய துரை லயம் பார்க்க வருகிறார் என்றால் முதல்நாள் கணக்கப்பிள்ளை ஆட்களோடு வந்து எட்டு வீட்டு முன்சுவருக்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போவார். முன்சுவருக்கு மட்டும். ஈரம் காயுமுன் பிள்ளைகள் சாய்ந்துவிடக் கூடாது என்று எங்களைத் துரத்துவார்கள். முதுகில் வெள்ளையோடு அகப்பட்டவனுக்கு அடி. துரை ஜீப்பை விட்டு இறங்காமலே பார்த்துவிட்டுப் போவார். மனுவேல் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். அவரிடம் சொல்ல வாய் வராமல் போனது இதனால்தான்.

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்பா செத்தப்ப வந்தே. இதே சுவருக்கு முதுகக் குடுத்து மூணு நாள் உக்காந்திருந்தே. அப்ப உனக்குச் சுவரு தெரியல. இப்ப மகளக் கூட்டிக்கிட்டு வாறேன்னதும் தெரியுது."

"அப்படி இல்லக்கா."

"பொறகு எப்புடி?"

"லைன் விட்டு விட்டு வருது," என்றேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

6

அதன்பிறகு பயணம்வரை நான் ஓரிடத்தில் நிலையாக உட்கார்ந்த நினைவு இல்லை.

புது வர்ணத்தின் வாடை வீட்டைவிட்டுப் போக மறுத்தது. கடும் குளிரில் சன்னலைத் திறந்து வைத்தேன். விமலா மூடினாள். மறுபடி திறந்தேன். நுவரெலியாவில் சுடுநீர் வரும் விடுதி ஒன்றில் ஒரு அறை பதிவு செய்தேன். பிறகு ரத்து செய்தேன். பிறகு மீண்டும் பதிவு செய்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. விமலாவிடமும் சொல்லவில்லை. பகலில் அக்கா வீட்டுக்குப் போய்வரலாம், படுக்கைக்கு மட்டும் விடுதி, இதில் என்ன தவறு என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டு, தொழிற்சாலைக் கிடங்குக்குப் போகவேண்டியவன் பனிக்குள் வாகனத் தரிப்பிடத்தில் நடந்துகொண்டிருந்தேன்.

மனுவேல் கடைசிப் பார்வைக்கு வந்தார். விளக்கைச் சுவரோடு பிடித்து நகர்த்தினார். ஒரு நிழலும் எழவில்லை. திருப்தியோடு அணைத்துவிட்டு, "சரி, யார் பார்க்க வந்தார்கள்?" என்று கேட்டார். அவருக்கு அந்தச் சந்தேகம் தீரவே இல்லை.

"யாரும் வரவில்லை. நான்தான் போகிறேன்," என்றேன்.

தாரணியை உட்காரவைத்து மெல்லச் சொல்லிப் பார்த்தேன். வீடு சின்னது. கழிப்பறை வெளியே. விறகடுப்பு, புகை வரும். குளிர் இங்கத்தைய குளிர்போல இல்லை, ஆனால் வீட்டுக்குள்ளும் அதே குளிர்தான். "நுவரெலியாவில் தங்கிக்கொண்டு பகலில் போய்வரலாம். என்ன சொல்கிறாய்?"

"பாப்பம்," என்றாள், காதிலிருந்ததைக் கழற்றாமலே. என்ன கேட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

7

ரயிலை விட்டு ஹட்டனில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். சாரதி, ஐப்பசி மழையில் பெயர்ந்த கீழ்ப்பாதையை இன்னும் போடவில்லை, கோயில் பக்கமாகச் சுற்றித்தான் போகவேண்டும் என்றான். போகட்டும் என்றேன். விடுதிக்காரர் நாங்கள் எத்தனை மணிக்கு வருவோம் என்று கேட்டு அனுப்பிய செய்தி பையில் அதிர்ந்தது. பதில் போடவில்லை.

கோயிலடியில் இறங்கியபோது மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஏழாம் லயம் முழுவதும் நிறம் மங்கிக் கிடக்க, அதற்குள் ஒரு துண்டு மட்டும் நீலமாக நின்றது. என் கூடத்து நீலம். ஹட்டன் பக்கத்து மலையில் என் ஸ்காபரோ கூடத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து செருகியதுபோல இருந்தது. கால் தானாக அங்கே நின்றுவிட்டது. சேவியரின் ஆட்கள் கெட்டிக்காரர்கள். செல்வராணியின் நீலம் முடிந்து அடுத்த வீட்டுப் பழைய மஞ்சள் தொடங்குமிடம் கோடு போட்டதுபோல இருந்தது. விரலை வைத்து அந்தக் கோட்டின் நேரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் தாரணியைக் காணவில்லை.

அவள் நிற்கவே இல்லை. நீல வீட்டைத் தாண்டி, அடுத்த இரண்டு வாசலையும் தாண்டி, பையை இழுத்துக்கொண்டு சேற்றுக்குள் போய்க்கொண்டிருந்தாள். எது நம் வீடு என்று நான் இன்னும் சொல்லவில்லை.

"இந்தா வந்துட்டோம் அத்தை!" என்று கத்தினாள்.

அத்தை. வந்துட்டோம். என் மகளின் வாயில் எங்கள் லயத்துப் பேச்சு.

அக்கா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே முன்திண்ணையான இஸ்தோப்புக்கு வந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் தாரணி அவளைக் கட்டிப்பிடித்து, விட்டு, குனிந்து உள்ளே போய்விட்டாள். நான் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் அடுப்பங்கரைச் சுவருக்கு நேரே நின்றிருந்தாள்.

"பூனை எங்க அத்தை? ஆ, இந்தா!"

அடுப்புக்கு மேலே புகை படிந்த சுவரில், பூச்சு உதிர்ந்த இடமே காதும் வாலும் வைத்த ஒரு பூனையாக உட்கார்ந்திருந்தது. நான் பிறந்து வளர்ந்த வீட்டின் சுவர். அந்தப் பூனையை நான் அன்றுதான் பார்த்தேன்.

"போன்ல சின்னதாத் தெரிஞ்சது. இது நல்ல பெரிய பூனை," என்றாள். பிறகு புகை ஏறி இருமினாள். இருமலோடு சிரித்தாள். "நல்ல காலம் அத்தை, இந்த வீட்டுக்கு அடிக்கேல்ல."

"எதுக்குப் புள்ள அடிக்கணும்?" என்றாள் அக்கா. என்னைப் பார்த்துக்கொண்டே யாழ்ப்பாணத்துக் குரலை வரவழைத்து, "இது என்ன பிழை விட்டது?" என்றாள்.

இருவரும் ஒன்றாகச் சிரித்தார்கள். ஸ்காபரோவில் என் வீட்டுக் கூடத்தில் பேசிய பேச்சு, எனக்கு முன்பே இங்கே வந்து சேர்ந்திருந்தது.

"நீங்கள் இரண்டு பேரும் எப்போதிருந்து...?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு ஞாயிறும். அம்மான்ட போன்ல," என்றாள் தாரணி. "அத்தை வாசல்ல வந்து நிண்டாத்தான் சிக்னல் எண்டு உங்களுக்குச் சொல்லுறவ. எனக்கு உள்ளுக்க இருந்துதான் காட்டுறவ."

"என்னிடம் சொல்லவில்லையே."

"நீங்க கேக்கேல்லையே அப்பா."

அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பையைச் சுவரோரம் சாய்த்துவைத்தாள். முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறிய இடத்தில்தான். அவளுடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் அதற்குள்ளேயே பழைய பச்சை ஒட்டியிருந்தது. அக்கா தட்டிவிடப் போனாள், பிறகு விட்டுவிட்டாள்.

"நீ என்னா, வெளியவே நிக்கிறே?" என்று என்னிடம் கேட்டாள். "துரை இறங்கி வரமாட்டாரோ?"

"வர்றேன்," என்றேன். "ஒரு போன் பேசிட்டு வர்றேன்."

விடுதி அறையை ரத்து செய்ய முற்றத்துக்கு ஒதுங்கினேன். வெளியே சிக்னல் உண்மையிலேயே நன்றாகக் கிடைத்தது. பேசி முடித்துத் திரும்பும்போது, நீல வாசலிலிருந்து செல்வராணி வந்துகொண்டிருந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து, அதை எப்படித் தடுப்பது என்று யோசித்தேன்.

"அண்ணே, சொகமா? பொண்ணு பாத்துட்டுப் போனாங்கண்ணே. அவங்களுக்குப் புடிச்சுப்போச்சு. பங்குனியில நிச்சயத்துக்கு வாறாங்க."

"ரொம்ப சந்தோசம்."

"அதில்லண்ணே. பாஸ்மார் உள்ளுக்கும் முன்னுக்கும் அடிச்சாங்க. பின்சுவத்துக்கு அடிக்கிறப்ப மழ தூத்திச்சுன்னு போனவங்க போனவங்கதான். இவ்வளவும் அடிச்சிட்டு அத மட்டும் விட்டா வாறவங்க என்னா நெனப்பாங்க? பந்திய பின்னுக்குத்தானே போடணும். எப்பண்ணே வருவாங்க?"

என்னைப் பார்த்துக் கேட்டாள். வேலையை ஒப்புக்கொடுத்தவன் நான்தானே. அவள் கேட்ட தோரணையில் ஒரு கூச்சமும் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அங்கேயே நின்று சேவியரைக் கூப்பிட்டேன். பின்சுவர் பாக்கி நிற்கிறது, நிச்சயத்துக்கு முன் முடித்துத்தர வேண்டும் என்றேன்.

"செஞ்சிரலாம் சார், பின்சுவரு பாக்கின்னு எனக்கும் ஞாபகம் இருக்கு," என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "எந்த வீடுன்னு இந்தத் தடவ கரெக்டா சொல்லிருங்க சார். பொறகு என்னையப் பேசக் கூடாது."

"ஏழாம் லயம். மூணாம் காம்பரா."

"எந்தப் பக்கமிருந்து எண்ணுறது?"

உள்ளே தாரணி மறுபடி இருமினாள். அக்கா ஊதுகுழலை அவள் கையில் கொடுத்து, எப்படி ஊதவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

"கோயில் பக்கமிருந்து," என்றேன்.